நெடுக்கே ஓடும் சாலையும் குறுக்கே வாழும் ஊரும்

ஒரு நெடுஞ்சாலை எவ்வழியே செல்லவேண்டும் என்னும் வினா, தேசப்படத்தின்மீது அளவுகோலை வைத்துக் கோடு கிழிப்பதால் தீர்ந்துவிடுவதன்று. இரண்டு நகரங்களுக்கு இடையேயுள்ள மிகக் குறுகிய தொலைவு எது, மிகக் குறைந்த செலவில் முடிவது எது என்னும் இரண்டு கணக்குகளை மட்டும் கொண்டு சாலையின் வழியை வகுத்தால், அதன் பலனை நகரத்தார் அடைவர். அதன் சுமையை இடையிலுள்ள சிற்றூர்கள் தாங்கும். சாலையின் நெடுக்கே செல்பவரை எண்ணுவதுபோலவே, அதன் குறுக்கே செல்லும் மனிதரையும் நீரையும் எண்ணியறிந்த பின்னரே வழி வகுக்கப்படவேண்டும். இது வெறும் இரக்கத்தின்பாற்பட்ட கோரிக்கையன்று. மண்ணியலும் நீரியலும் வற்புறுத்தும் விதியே ஆகும். இதனை விளக்குவதற்குத் திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள கழக்கூட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

கழக்கூட்டம் பழமையான ஊர். திருவிதாங்கூர் வரலாற்றில் இடம்பெற்ற எட்டுவீட்டில் பிள்ளைமாருள் ஒருவரின் இருப்பிடம் அது. நெடுங்காலம் ஒரு சிறிய சந்தைச் சந்திப்பாகவே அது விளங்கியது. 1962-இல் நிறுவப்பட்ட சைனிக் பள்ளி அங்கு அமைந்தது. அதற்கு மேற்கே கடற்கரையிலுள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-ஆம் நாள் இந்திய மண்ணின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் வானில் ஏவப்பட்டது. 1990-இல் டெக்னோபார்க் நிறுவப்பட்டபின், ஊரின் முகமே மாறிற்று. பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை மேற்குக் கரையோரமாக வரும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரின் வழியே செல்கிறது. 2010-இல் எண்கள் மாற்றப்படும்வரை சேலம்–கன்னியாகுமரிச் சாலையான பழைய 47-ஆம் எண் சாலையில் இப்பகுதி அடங்கியிருந்தது.

கழக்கூட்டத்தில் வழிகள் பல பிரிகின்றன. வடக்கே கொல்லம் செல்லும் சாலை. தென்கிழக்கே ஸ்ரீகாரியம், உள்ளூர் வழியாகத் தலைநகரின் நடுவே புகும் பழைய சாலை. தெற்கே ஆக்குளம், சாக்கை, ஈஞ்சக்கல் வழியாக நகரைச் சுற்றிக்கொண்டு தமிழ்நாட்டு எல்லையருகிலுள்ள காரோடு வரை ஏறத்தாழ 43 கிலோமீட்டர் ஓடும் புறவழிச் சாலை. கிழக்கே போத்தன்கோடு வழியாக வெஞ்ஞாறமூட்டுக்குச் செல்லும் சாலை. மேற்கே கடற்கரைச் சிற்றூர்களுக்குச் செல்லும் வழிகள். ஆகவே நெடுக்கே செல்லும் போக்குவரத்தும் குறுக்கே செல்லும் போக்குவரத்தும் ஒருங்கே மோதிக்கொள்ளும் இடமாக அது அமைந்துவிட்டது.

புல்வெளியின் விதி வேறு

நெடுஞ்சாலை அமைக்கும் கலையில் இன்று வழங்கும் கருத்துகள் பல, அகன்ற சமவெளி நாடுகளில் தோன்றியவை. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் நடுப்பகுதியில் பிரெய்ரி எனப்படும் புல்வெளி பரந்து கிடக்கிறது. அங்கே 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின்படி அமெரிக்க அரசாங்கமும், 1870-களில் தொடங்கிய நில அளவையின்படி கனடா அரசாங்கமும், நிலத்தை ஒரு மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் உள்ள சதுரங்களாகப் பிரித்தன. கனடாவின் அளவையில், சதுரங்களுக்கிடையே சாலைக்கென்றே நிலம் முன்கூட்டி ஒதுக்கப்பட்டது. பின்னர் இருப்புப்பாதை வந்தது. அதன் ஓரத்தில், தானியக் கிடங்கைச் சுற்றிச் சிற்றூர்கள் தோன்றின. அதாவது, சாலைக்கு இடம் முதலில் வகுக்கப்பட்டது. குடியேறிய மக்கள் பின்னர் வந்தனர். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே பல மைல் தூரம் வயல்களே இருந்தன. ஊரை விலக்கிச் சாலையைத் திருப்பவேண்டுமாயின் அங்கு இடத்துக்குப் பஞ்சமில்லை.

கேரளத்தில் இம்முறை தலைகீழானது. மக்கள் முதலில் வந்தனர். அகன்ற சாலை கடைசியில் வந்தது. கழக்கூட்டம், கணியாபுரம், மங்கலபுரம், ஆற்றிங்கல் என்று ஊர்களுக்குப் பெயர்கள் தனித்தனியே இருப்பினும், ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று வழிப்போக்கனால் கூற இயலாது. வீடும் தோட்டமும் கடையும் இடைவிடாது தொடர்கின்றன. பிற மாநிலங்களில் 60 மீட்டர் அகலம் எடுத்துக்கொள்ளப்படும் தேசிய நெடுஞ்சாலைக்கு, கேரளத்தில் 45 மீட்டரே எடுக்கப்பட்டது. அந்த 45 மீட்டருக்கே பல ஆண்டுகள் வழக்கும் கிளர்ச்சியும் நடைபெற்றன. இத்தகைய நிலத்தில் புல்வெளியின் விதிகளை அப்படியே பின்பற்றுவது, பிறர்க்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அணிவதற்கு ஒப்பாகும்.

எனினும், புல்வெளி நாட்டிலிருந்து அறியத்தக்க பாடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சிக்காகோ நகரிலிருந்து மேலைக் கடற்கரை வரை, சிற்றூர்களின் நடுவீதிகளின் வழியே 1926-இல் வகுக்கப்பட்ட சாலை ஒன்று இருந்தது. அதன் எண்ணும் 66 என்பது வியத்தகு ஒற்றுமை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அகன்ற புதிய நெடுஞ்சாலைகள் ஊர்களை விலக்கி அமைக்கப்பட்டன. 1985-இல் பழைய சாலை எண் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. வழிப்போக்கரை மட்டும் நம்பிப் பெட்ரோல் கடையும் உணவு விடுதியும் நடத்திய கிளென்ரியோ போன்ற ஊர்கள் பாழடைந்தன. தமக்கெனச் சுற்றுப்புறமும் சந்தையும் உடைய ஊர்கள் பிழைத்துக்கொண்டன. ஒரு சிற்றூரின் உயிர், அதன் வழியே விரைந்து செல்லும் வண்டியில் இல்லை. சுற்றிலுமிருந்து அதனை நாடி வரும் மக்களிடத்தில் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. ஆகவே நெடுஞ்சாலை ஊரை விட்டு விலகிச் செல்வதால் கேரளத்துச் சந்தையூர்கள் அழிந்துபோகா. ஆனால் சுற்றுப்புறத்து மக்கள் ஊருக்குள் வரவொட்டாமல் சாலை மதில்போல் எழுந்து நின்றால், ஊரின் வேரே அறுபடும்.

நீர் செல்லும் திசை

கேரளத்தின் நில அமைப்பை ஒரு வாக்கியத்தில் கூறிவிடலாம்: மலை கிழக்கே, கடல் மேற்கே, இடையே ஒடுங்கிய நிலம். மாநிலத்தின் 44 ஆறுகளுள் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. நெடுஞ்சாலையோ வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. ஆகவே அது பேராறுகளை மட்டுமன்றி, பெயரற்ற ஓடைகளையும் வயல் வாய்க்கால்களையும் அடுத்தடுத்துக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. சாலை தரைமட்டத்தில் இருக்கும்வரை பெருமழைக் காலத்தில் நீர் அதன்மேல் வழிந்தோடும். போக்குவரத்துச் சில மணி நேரம் தடைப்படும். அதே சாலையை ஆறு அல்லது எட்டு மீட்டர் உயரமுள்ள மண்கரையின்மேல் அமைத்தால், அஃது அணையாகிவிடுகிறது. மதகுகள் விடப்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் அம்மதகுகளின் அளவு, கோடைக்காலத்தில் கண்ட வாய்க்காலின் அகலத்தைக் கொண்டு முடிவு செய்யப்பட்டால் பயனில்லை.

திருவனந்தபுரம் பகுதி தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 2023 அக்டோபர் நடுவில் ஓர் இரவில் பெய்த பெருமழையில், கழக்கூட்டத்தின் அருகே ஓடும் தெற்றியாறு கரைபுரண்டது. டெக்னோபார்க்கின் ஒரு பகுதியிலும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் வெள்ளம் புகுந்தது. கட்டடம், சாலை, ஆக்கிரமிப்பு ஆகியவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கூறுவது எளிதன்று. ஆனால் ஒரு சிற்றோடையின் பாதையைக் குறைத்து மதிப்பிடுவோர் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை அந்த இரவு உணர்த்திற்று.

மண் தாங்கும் பாரம்

இனி, மண்ணைப் பற்றிய கணக்கு. திருவனந்தபுரம் முதல் வடக்கே செல்லுந்தோறும், செம்புரைக்கல் மேடுகளும் அவற்றுக்கிடையே நெல்வயல் பள்ளங்களும் மாறிமாறி வருகின்றன. செம்புரைக்கல் மேடு உறுதியானது. அதன்மேல் சாலை அமைப்பதில் இடரில்லை. பள்ளங்களிலோ, பல நூற்றாண்டுகளாக நீர் கொண்டுவந்து படியவைத்த மென்மையான களிமண் கிடக்கிறது. ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ இரண்டு டன். ஆகவே எட்டு மீட்டர் உயரமுள்ள மண்கரை, தன் அடியிலுள்ள ஒவ்வொரு சதுர மீட்டரையும் 16 டன் எடையால் அழுத்துகிறது. வண்டிகளின் பாரம் இதற்கு மேற்பட்டது.

களிமண் இப்பாரத்தை எவ்வாறு ஏற்கிறது என்பதை 1925-இல் ஆஸ்திரிய அறிஞர் கார்ல் தெர்சாகி விளக்கினார். களிமண் நீர் நிரம்பிய பஞ்சு போன்றது. பாரம் ஏற்றப்பட்டவுடன், அதனை முதலில் தாங்குவது மண் துகள்கள் அல்ல; இடையிலுள்ள நீரே. நீர் மெல்லமெல்லக் கசிந்து வெளியேறிய பின்னரே துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி வலுப்பெறுகின்றன. களிமண் அடுக்கின் தடிப்பு இரு மடங்கானால், இதற்கு வேண்டிய காலம் நான்கு மடங்காகும். அக்காலம் வரும்வரை காத்திராமல் மண்ணை விரைந்து உயர்த்தினால், நீரின் அழுத்தம் மிகுந்து, அடித்தளம் பக்கவாட்டில் பிதுங்கி விலகும். நீர் விரைவில் வெளியேறும்படி மண்ணுள் செங்குத்தான வடிகால்களைச் செருகிக் காலத்தைக் குறைக்கும் முறை உண்டு. இயற்கையின் விதியை அறவே மீறும் முறையோ இல்லை.

இவ்விதியைப் புறக்கணித்தால் விளைவது என்ன என்பது மலப்புறம் மாவட்டத்துக் கூரியாட்டில் வெளிப்பட்டது. நெல்வயலின் குறுக்கே உயர்ந்த மண்கரையின்மேல் அமைந்துகொண்டிருந்த அதே 66-ஆம் எண் நெடுஞ்சாலை, 2025 மே 19-ஆம் நாள் சரிந்தது. பக்கத்திலுள்ள அணுகுசாலையும் வெடித்துத் தாழ்ந்தது. அடிமண் பாரத்தைத் தாங்கவில்லை என்பதே ஆய்ந்தோர் கண்ட காரணம். அவ்விடத்தில் மண்கரைக்குப் பதிலாகத் தூண்களின்மேல் பாலம் அமைப்பதென்று பின்னர் முடிவு செய்யப்பட்டது. முதலிலேயே செய்திருக்கவேண்டிய முடிவு, மண் சரிந்தபின் வந்தது.

தூண்பாலத்தின் சிறப்பு யாதெனின், அது தன் பாரத்தை மென்மையான மேல்மண்ணில் வைப்பதில்லை. ஆழத்திலுள்ள உறுதியான அடுக்கு வரை இறக்கப்பட்ட அடித்தூண்களின் வழியே கீழே செலுத்திவிடுகிறது. அதே வேளையில் நீருக்கும் மனிதருக்கும் குறுக்கே வழி விடுகிறது. ஒரே கருவி மூன்று குறைகளைத் தீர்க்கிறது.

குறுக்கே செல்லும் மக்கள்

கேரளத்தில் நீர் மட்டுமா கிழக்கிலிருந்து மேற்கே செல்கிறது? மக்களின் அன்றாட வாழ்வும் அத்திசையிலேயே நடைபெறுகிறது. மேட்டு நிலத்து மரவள்ளிக் கிழங்கும் வாழைக்காயும் மேற்கே வருகின்றன. கடற்கரை மீன் கிழக்கே போகிறது. பள்ளி ஒரு புறம், வீடு மறுபுறம். இரயில் நிலையம் ஒரு புறம், அலுவலகம் மறுபுறம். இக்குறுக்குப் போக்கைச் சாலை தடுத்தால் ஏற்படும் இழப்பு, எளிய கணக்கினால் விளங்கும்.

சாலையின் அடியே குறுக்குவழிகள் இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக அமைந்துள்ளன எனக் கொள்வோம். இரண்டுக்கும் நட்டநடுவே வசிப்பவர், எதிரே 45 மீட்டர் தொலைவில் தெரியும் வீட்டுக்குச் செல்ல, ஒரு கிலோமீட்டர் போய் ஒரு கிலோமீட்டர் திரும்பவேண்டும். குறுக்குவழிக்கு அண்மையில் வசிப்போரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், ஒரு முறை கடப்பதற்கு ஒரு கிலோமீட்டர் சுற்று. நாளொன்றுக்கு ஆயிரம் பேர் சென்று திரும்பினால் 2,000 கிலோமீட்டர்; ஆண்டில் 300 நாளுக்கு ஆறு இலட்சம் கிலோமீட்டர். இது நடந்தும் சைக்கிளிலும் கழியும் தூரம். மகப்பேற்றுக்கு விரையும் தாயும் பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் சுமக்கும் தூரம். நெடுக்கே செல்லும் வண்டி மிச்சப்படுத்தும் நிமிடங்கள் திட்ட அறிக்கையில் ரூபாயாக மதிப்பிடப்பட்டு வரவில் ஏறுகின்றன. இந்த ஆறு இலட்சம் கிலோமீட்டரும் அவ்வாறே மதிப்பிடப்பட்டுச் செலவில் ஏறவேண்டும்.

கழக்கூட்டத்தில் இவ்விடருக்குத் தீர்வு காணப்பட்டது. ஊரின் நடுவே, முன்பிருந்த சாலையின் மேலேயே, 2.72 கிலோமீட்டர் நீளத்துக்கு நான்கு தடங்கள் கொண்ட தூண்பாலம் கட்டப்பெற்று, 2022 நவம்பரில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. நெடுக்கே செல்லும் வண்டிகள் மேலே விரைகின்றன. ஊரார் கீழே குறுக்கே செல்கின்றனர். மண்கரையும் மதிலும் எழுப்பியிருந்தால் இரண்டு ஊர்களாகப் பிளவுபட்டிருக்கும் கழக்கூட்டம், ஒரே ஊராகவே நிலைத்தது. இதனைக் கண்ட பின்னர், நெடுஞ்சாலையை ஆறு தடங்களாக்கும் வேலை நடைபெற்ற பிற ஊர்களிலும் தூண்பாலமே வேண்டுமென்னும் கோரிக்கை எழுந்ததில் வியப்பில்லை. காயங்குளத்தில் அதற்கெனக் கிளர்ச்சியே நடைபெற்றது.

மறுப்பும் விடையும்

தூண்பாலம் மண்கரையைவிடப் பன்மடங்கு செலவு பிடிப்பது. வறிய நாடு அதனை எங்கும் கட்டவியலாது என்று கூறுவோர் உளர். இக்கூற்றில் நியாயம் உண்டு. கேரளத்தில் மட்டும் ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை முழுவதையும் தூண்களின்மேல் எழுப்புமாறு எவரும் கோரவில்லை. செம்புரைக்கல் மேட்டில், வீடுகள் நெருங்காத இடத்தில், தரைமட்டச் சாலையே போதும். ஆனால் செலவை ஒப்பிடும் முறையில் பிழை நேரலாகாது. மண்கரையின் விலையோடு, அதற்கு வேண்டிய மண்ணை எடுக்க வெட்டப்படும் குன்றின் விலை, வெள்ளத்தால் விளையும் சேதம், சரிந்தால் மீண்டும் கட்டும் செலவு, மக்கள் சுற்றிச் செல்லும் தூரம் ஆகிய அனைத்தையும் கூட்டிய பின்னரே இரண்டையும் ஒப்பிடவேண்டும். கூரியாட்டில் மலிவென்று கருதப்பட்டது இறுதியில் மலிவாக இருக்கவில்லை.

தூண்பாலம் குறையற்றது என்றும் கொள்ளலாகாது. அதன் அடியிலுள்ள நிலம் விளக்கின்றி, வடிகாலின்றி, குப்பைமேடாகவும் கேட்பாரற்ற வண்டி நிறுத்தமாகவும் மாறுவது நம் நகரங்கள் பலவற்றில் காணப்படும் காட்சி. பாலத்தைக் கட்டியவர் மேலேயுள்ள பரப்பைப் பேணுவர். கீழேயுள்ள நிலத்தைப் பேணுவார் யார் என்பதும் திட்டத்திலேயே வரையறுக்கப்படவேண்டும்.

செய்யத்தக்கவை

வழி வகுக்குமுன் மூன்று சோதனைகள் இன்றியமையாதவை. முதலாவது, நீர்ச் சோதனை. உத்தேச வழியைக் கடக்கும் ஒவ்வோர் ஓடையும் வாய்க்காலும், பருவமழை இரண்டும் அடங்கிய ஒரு முழு ஆண்டு அளந்தறியப்படவேண்டும். இரண்டாவது, மண் சோதனை. பள்ளங்களில் நெருக்கமாகத் துளையிட்டுக் களிமண்ணின் தடிப்பும் வலுவும் காணப்படவேண்டும். வரம்புக்கு மேற்பட்ட தடிப்புள்ள இடத்தில் உயர்ந்த மண்கரை கூடாதென விதியே இருத்தல் நன்று. மூன்றாவது, மக்கட் சோதனை. ஒவ்வொரு சந்திப்பிலும் நெடுக்கே செல்லும் வண்டிகளை எண்ணுவதோடு, குறுக்கே செல்லும் ஆட்களும் எண்ணப்படவேண்டும்.

இம்மூன்றின் முடிவுகளும் வழியின் வரைபடமும், ஊராட்சி அலுவலகந்தோறும் மக்கள் மொழியில், அனைவரும் காணுமாறு வைக்கப்படுதல் வேண்டும். எந்த வயலில் எவ்வளவு ஆழத்தில் சேறு உண்டு, எந்த மதகு எந்த மழையில் போதாமற்போகிறது என்பதை அவ்வூர் உழவனைவிட நன்கறிந்தார் இல்லை. அவ்வறிவைப் பெறுவதற்குச் செலவு சிறிதும் இல்லை. பெறாமல் விடுவதற்கே செலவு மிகுதி. எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இதே சாலை குளங்களும் வயல்களும் செறிந்த நிலத்தின் வழியே வருவதால், இச்சோதனைகள் தமிழ்நாட்டுக்கும் அதே அளவில் பொருந்துவனவே.

1943-இல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள், நாட்டின் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என வகுத்து, இருபதாண்டுத் திட்டம் ஒன்றைத் தீட்டினர். உழவு வளம் பெற்ற பகுதியிலுள்ள எந்தக் கிராமமும் முதன்மையான சாலையிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் இருத்தலாகாது என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. சாலை கிராமத்துக்கு அருகே வரவேண்டும் என்பது அன்றைய குறிக்கோள். இன்று சாலை அருகே வந்துவிட்டது. கிராமத்தின் நடுவிலேயே வந்துவிட்டது. அருகே வந்த சாலையை அக்கிராமத்தான் கடந்து செல்ல இயலவேண்டும் என்பதே இன்றைய குறிக்கோளாதல் வேண்டும். கழக்கூட்டத்தில் 2.72 கிலோமீட்டருக்கு அது நிறைவேறியது. பள்ளமும் சந்தையும் உள்ள மற்ற இடங்களிலும் அது நிறைவேற வேண்டுமாயின், குறுக்கே செல்வோரின் கணக்கு, மண் சரிந்த பின்னர் அன்று, வரைபடத்தில் முதற்கோடு விழுமுன்னரே எடுக்கப்படவேண்டும்.